பனியைத் துடைத்தவள்

எங்கள் வீட்டு வெள்ளாட்டுக்கு வலது தொடையில் பழுப்பாக ஒரு திட்டு இருந்தது. பிறக்கும்போதே இருந்தது. ஒருநாள் காலை அந்த ஆடு போட்ட கூச்சலில் தெருவே வெளியே வந்து நின்றது. பார்த்தால், பக்கத்து வீட்டு அக்கா ஆட்டை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, காய்ந்த பீர்க்கங்கூட்டால் அந்தத் திட்டைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சட்டி நிறையச் சாம்பல் கரைத்த தண்ணீர்.

"அக்கா, அது அழுக்கு இல்ல. அதோட நிறமே அதான்" என்றேன்.

"நிறமாவது ஒண்ணாவது! இத்தினி நாளா கண்டுக்காம வுட்டுட்டீங்க, நல்லா ஊறிப் பூடுச்சி" என்று சொல்லிவிட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

சாயங்காலம் திட்டு இருந்த இடத்தில் முடி இல்லை. இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. அக்காவுக்குப் பரம திருப்தி. கொஞ்ச நாளில் முடி முளைத்தது, பழையபடி பழுப்பாகவே. அதைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் வருத்தப்பட்டுக்கொண்டாள். "நான் எவ்ளோ கஷ்டப்பட்டு எடுத்தேன். மறுபடியும் அழுக்காக்கி வச்சிகீறீங்களே!"

அவள் எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டில் இருந்த அண்ணன் குடும்பத்தோடு வந்து சேர்ந்தவள். தெருவில் எல்லோருக்குமே அக்காதான். டச்சுக்காரர்கள் என்கிற உலாந்தாக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டு வியாபாரம் செய்த காலம் அது. கோட்டையை ஒட்டி ஒரு துரையின் வீட்டில் அவள் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தாள். காலையில் அங்கே போய்த் தேய்ப்பாள். மதியம் திரும்பி வந்து, கையில் மிச்சமிருக்கும் பலத்தை எங்கள் தெருவின்மேல் காட்டுவாள்.

ஒல்லியான உடம்பு. ஆனால் முழங்கைக்குக் கீழே நரம்பு முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டாள். நம் காதோரமோ கழுத்தோ, எங்கே கறை இருக்கிறதோ அங்கே பார்த்துப் பேசுவாள்.

என் மனைவிக்கும் அவளுக்கும் சட்டியின் அடிக்கரியைப் பற்றி ஓயாத தகராறு. "அடுப்புல வெக்கிற சட்டி கறுப்பாத்தான் இருக்கும்" என்பாள் மனைவி. "அடுப்புமேலதான வெக்கிற? உள்ளயா வெக்கிற?" என்பாள் அக்கா. ஒருநாள் மனைவி தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் மீன் குழம்புச் சட்டி காணாமல் போயிற்று. திரும்பி வந்தபோது அடி செக்கச்செவேல் என்று மின்னியது. நடுவில் ஒரு ஓட்டை. அக்கா அதை ஆகாயத்துக்கு நேரே பிடித்து, ஓட்டை வழியாக எங்களைப் பார்த்தாள்.

"கரிதான் இத்தினி நாளா தாங்கிக்கினு இருந்துகீது. பாரு, சட்டி எப்பவோ ஏமாத்திடுச்சி."

உலாந்தாக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தையும் அவள் விட்டுவைக்கவில்லை. அதன் வாசல் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். எங்கள் பெண்கள் அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவள் ஒரு குடம் தண்ணீரோடும் தேங்காய் நாரோடும் போய், எலும்புக்கூட்டின் விலா விலாவாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள். காவல்காரன் ஓடிவந்து கத்தினானாம். "எலும்பானா இன்னா? அவரும் ஒரு மனுஷன்தான? பாசி புடிச்சி நிக்கிறாரே, பாக்க நல்லாவா கீது?" என்று கேட்டிருக்கிறாள்.

இப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து வீட்டில் நான் என்ன தொழில் செய்தேன் தெரியுமா? துணியில் சாயம் எழுதுகிற தொழில். வெள்ளைத் துணியில் கொடியும் பூவும் பறவையும் எழுதிக் கொடுப்பேன். துரைமார்கள் வாங்கிக் கப்பலில் ஏற்றுவார்கள். அவள் கண்ணுக்கு நான் நல்ல துணியை அழுக்காக்கி விற்கிறவன். "வெள்ளையா இருக்கறத எதுக்குடா தம்பி இப்டி பண்ற?" என்று நிஜமான கவலையோடு கேட்பாள்.

ஒருமுறை கொடியில் காய்ந்த என் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், பூந்திக்கொட்டை போட்டு ஊறவைத்து, கல்லில் அடித்து, சாம்பல் தண்ணீரில் புரட்டி, அரை நாள் போராடியிருக்கிறாள். சாயவேரில் காய்ச்சிய சிவப்பு அது. அடிக்க அடிக்கப் பளபளக்குமே தவிர நகராது. கடைசியில் சொட்டச் சொட்ட அந்தத் துணியோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"இதுல இன்னா போட்ட?"

சொன்னேன். துணியை ஒருதரம் மோந்து பார்த்தாள். "நீ சாதாரண ஆளு இல்லடா" என்றாள். அவள் கையில் போகாத அழுக்கு என்று உலகத்தில் என் சிவப்பு ஒன்றுதான் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு மரியாதை.

துரை வீட்டுப் படத்தைப் பற்றி முதலில் எனக்குச் சொன்னவளும் அவள்தான்.

"கூடத்துல ஒரு படம் மாட்டிகீறாங்க தம்பி. அதுல ஒரு ஊரு. அந்த ஊர்ல பொம்பளைங்களே கெடையாது போல. கூரை, மரம், தெரு, ஒண்ணு வுடாம சுண்ணாம்பு கொட்டிக் கெடக்குது. ஒருத்தி ஒரு தொடப்பம் எடுக்கலியே! பாக்கப் பாக்க எனக்குக் கை அரிக்குது."

பிறகு ஒருநாள் துரைக்குக் காட்ட மாதிரித் துணிகளை எடுத்துக்கொண்டு போனபோது நானே அந்தப் படத்தைப் பார்த்தேன். துரை கோட்டையிலிருந்து வரவில்லை. கூடத்தில் காத்திருக்கச் சொன்னார்கள்.

படம் ஒரு பாயில் பாதி இருக்கும். அதில் பெரும்பகுதி வானம். கீழே கூரான கூரைகள், இலையே இல்லாத மரங்கள், நடுவில் உறைந்துபோன ஓர் ஏரி. ஏரியின்மேல் ஆட்கள் நிற்கிறார்கள், ஓடுகிறார்கள், ஒருவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வழுக்கிக்கொண்டே போகிறான். நிலம் எங்கள் ஊரைப் போலவே தட்டை. ஏரி முடிந்து வானம் தொடங்குகிற இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தை மாதக் காலையில் எங்கள் ஏரியும் அப்படித்தான் கிடக்கும்.

என் தொழிலில் முதலில் கோடு, அப்புறம் கோட்டுக்குள் நிறம். இந்தப் படத்தில் கோடே இல்லை. கிட்டப் போனால் மரம் இல்லை, பழுப்பு நிறத்தில் நாலைந்து இழுப்புகள். பின்னால் நகர்ந்தால் மரம், அதில் ஒரு காக்காய் வேறு. மறுபடி கிட்டப் போனால் காக்காய் வெறும் கறுப்புப் பொட்டு. அந்த வெள்ளைதான் என்னை ரொம்பச் சோதித்தது. தூரத்தில் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் எங்குமே வெள்ளை இல்லை. கூரைமேல் கிடந்ததில் மஞ்சள் ஓடியது. மரத்தடியில் கிடந்ததில் அவுரி நீலம். ஏரிமேல் இருந்தது உரித்த இறாலின் நிறம். இத்தனையையும் போட்டு இவன் எப்படி வெள்ளை என்று நம்ப வைத்தான்? நான் முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்தேன்.

"இன்னாய்யா, அலை மாதிரி போய்ப் போய் வர?"

திரும்பினேன். துரைசானி நின்றுகொண்டிருந்தாள். இளவயசு. கப்பலிலிருந்து இறங்கியபோது அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அக்காவிடம்தான் கற்றுக்கொண்டாள். அதனால் பட்டுப் பாவாடையும் முத்துமாலையுமாக இருந்த அந்த அம்மாள் வாயைத் திறந்தால் எங்கள் தெரு பேசியது.

"இது எங்க ஊரு குளுரு காலம். வானத்துலேர்ந்து பனி கொட்டும். தண்ணி கல்லாப் பூடும். அதும்மேல எல்லாரும் ஆடுவாங்க" என்றாள்.

குளிர்காலம் என்றாள், ஆனால் படத்தில் யாரும் நடுங்கவில்லை. வானத்தின் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருந்தது. பொழுது சாயப் போகிறது, வீட்டுக்குப் போக இன்னும் யாருக்கும் மனசில்லை. அப்படி ஒரு நேரத்தை எழுதியிருந்தான்.

ஏரியின் நடுவில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவன் வழுக்கி விழுந்து கிடந்தான். நகத்தளவுதான் இருப்பான். துரைசானி அவன்மேல் விரலை வைத்தாள்.

"இவன் என் தம்பி."

"உங்க தம்பிய வச்சி எழுதினதாம்மா?"

"இல்ல. எழுதினவரு யாருன்னே தெரியாது. எங்க தம்பியும் இப்டித்தான் வுழுவான். அதனால இவன் என் தம்பி." சொல்லிவிட்டு விசிறியால் வேகமாக விசிறிக்கொண்டாள்.

கூடத்து மூலையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா, "வுழுந்தவனத் தூக்கி வுட ஒருத்தனாவது வந்தானா பாரு. ஊராம் ஊரு" என்றாள்.

அந்தத் தை மாதம் நாகப்பட்டினத்திலிருந்து பெரிய துரை வருவதாகச் சேதி வந்தது. எங்கள் துரைக்கு அவர் தயவு வேண்டியிருந்தது. என்ன கொடுத்தால் மனசு குளிரும் என்று யோசித்து, அந்தப் படத்தையே கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டார். துரைசானி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாளாம். இதை அக்கா வந்து சொன்னபோது அவளுடைய கவலை வேறாக இருந்தது.

"பெரிய எடத்துக்குப் போவுது. அழுக்கோட குடுத்தா நம்ம வூட்டுக்கு இன்னா மரியாதை?"

நான் அப்போதே காதில் வாங்கியிருக்க வேண்டும். வேலை மும்முரத்தில் சும்மா தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் உச்சிப் பொழுது. கொல்லையில் சாயவேர் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா சத்தமில்லாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொப்பரையைச் சுற்றி அவ்வளவு கரி இருந்தும் அவள் பார்வை அதில் போகவில்லை. முந்தானையில் முடிந்திருந்த ஒரு ஈரத் துணியை எடுத்து, கைக்குழந்தையைக் காட்டுவதுபோல் மெல்லப் பிரித்தாள். வெள்ளைத் துணியின் நடுவில் மங்கலாக ஒரு சிவப்புக் கறை.

"தம்பி, துரைசானி தம்பி இதுல கீறாரு."

எனக்குப் புரியவில்லை.

"படத்தத் தொடச்சேன். மொதல்ல வானம். சாம்பத் தண்ணி பட்டதும் மஞ்ச பூடுச்சி, வானம் பளிச்சினு வந்துச்சி தம்பி. நானே அசந்துட்டேன். நல்லா வருதேன்னு ஏரிக்கு வந்தேன். ஏரியும் பளிச்சினு வந்துச்சி. இன்னும் ஒரு தேய்ப்புன்னு தேய்ச்சேன். பாத்தா ஆளக் காணோம்." துணியை என் கையில் வைத்தாள். "உன் செவப்பு போவவே இல்லியே. நீ கைகாரன். இதுலேர்ந்து அவர எடுத்து மறுபடியும் அங்க வச்சிடு."

சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. உதடு வெளுத்திருந்தது.

"துரைக்குத் தெரிஞ்சா கப்பல்ல ஏத்திடுவாங்களாடா?"

அது வெறும் பயம் இல்லை. பழவேற்காட்டுக் கரையிலிருந்து கப்பலேறிய எத்தனையோ பேர் திரும்பி வந்ததில்லை. அவர்களில் பலர் தாங்களாக ஏறியவர்கள் இல்லை, அடிமைகளாக ஏற்றப்பட்டவர்கள். துரை கோபக்காரர் என்று ஊருக்கே தெரியும். என் மனைவி அதுவரை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டைச் சட்டியை மறக்காதவள். அவளே என் தூரிகைகளை எடுத்து வந்து கையில் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்றாள்.

துரை கோட்டையில் இருந்தார். துரைசானி பிள்ளை பெற்றிருந்த ஒரு சினேகிதியைப் பார்க்கப் போயிருந்தாள். கோட்டைத் தச்சன் ஜன்னல்களுக்குப் பூசுகிற வெள்ளையில் ஒரு கொட்டாங்குச்சி கொடுத்தான். அவன் பட்டறையை அக்கா என்றைக்கோ கழுவிவிட்டிருந்தாள், அந்தப் பழக்கம். சிவப்புக்குச் சாதிலிங்கத்தை எண்ணெயில் குழைத்துக்கொண்டேன்.

படத்தைப் போய்ப் பார்த்தேன். ஆள் கிடந்த இடத்தில் மரப்பலகையே தெரிந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் துடைத்த வானம் அழகாக இருந்தது. பழைய மஞ்சள் போய், சாம்பலும் நீலமும் ஒன்றுக்குள் ஒன்று புரண்டு, அடியில் அந்தச் சாயங்கால மஞ்சள் தனியாகத் துலங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பனி கொட்டும் என்பது எனக்கே தெரிந்தது. பனியைக் கண்ணால் பார்த்திராத எனக்கு.

முதலில் தச்சன் கொடுத்த வெள்ளையை அப்படியே வைத்தேன். ஏரியின் நடுவில் கட்டுப் போட்ட புண் மாதிரி இருந்தது.

"அய்ய, இது சுண்ணாம்பு. அது இன்னாவோ வேற" என்றாள் அக்கா. படத்துக்கு மூக்கைக் கொடுத்துப் பார்த்தாள். "இங்க பாரு, ரவோண்டு கறுப்பு கீது. இங்க செவப்பு. எல்லா அழுக்கும் கீதுடா இதுல!" அழுக்கைக் கண்டுபிடிக்க அவளைவிட்டால் ஆள் ஏது? அவள் விரல் வைத்த இடமெல்லாம் நான் பார்த்தேன். விளக்குக் கரி துளி, அவுரி துளி, சிவப்பு ஊசி முனையளவு. கலக்கக் கலக்க அந்தச் சுண்ணாம்பு அடங்கிப் பனியாகத் தொடங்கியது. பூசுவதிலும் ஒரு சங்கதி இருந்தது. நான் துணியில் எழுதுகிற மாதிரி அடக்கமாகத் தடவினால் செத்துப்போய்க் கிடந்தது. எழுதினவன் அப்படிச் செய்யவில்லை. வைத்திருக்கிறான், இழுத்திருக்கிறான், விட்டிருக்கிறான். விட்ட இடத்தில் சாயம் கொஞ்சம் மேடாக நின்று வெளிச்சத்தைப் பிடிக்கிறது. நானும் வைத்தேன், இழுத்தேன், கையை எடுத்துவிட்டேன். ஏரி மூடிக்கொண்டது. அக்கா என் முதுகில் ஒரு அடி வைத்தாள். பாராட்டு.

அடுத்தது ஆள். எவ்வளவு யோசித்தும் அவன் எப்படி விழுந்திருந்தான் என்று நினைவுக்கு வரவில்லை. உட்கார்ந்திருப்பதுபோல் எழுதினேன்.

"இது கக்கூசுக்கு ஒக்காந்தவன்" என்றாள். அழித்தேன். படுத்திருப்பதுபோல் எழுதினேன். "இது செத்தவன்." அழித்தேன்.

"இரு, வுழுந்து காட்றேன்" என்று சொல்லிவிட்டு, வழவழவென்று அவளே தேய்த்து வைத்திருந்த தரையில் ஒரு சொம்பு தண்ணீரைக் கொட்டினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, படத்தில் ஒருவன் போகிறானே அதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு காலை முன்னால் விட்டாள். அவ்வளவுதான். இரண்டு காலும் ஆகாயத்துக்குப் போயின.

"அம்மாடி!" என்று அலறினாள். "எழுதிக்கோ, எழுதிக்கோ! நான் ரொம்ப நேரம் இருக்க முடியாது!"

நான் எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் துரைசானி நின்றாள்.

காலைத் தூக்கிக்கொண்டு தரையில் கிடக்கும் வேலைக்காரி. படத்துக்கு முன்னால் தூரிகையோடு நான். ஏரியின் நடுவில் ஈரம் காயாத சிவப்பு. அவள் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என் தம்பி எங்க?" என்றாள் மெதுவாக.

அக்கா தட்டுத் தடுமாறி எழுந்து, என் பக்கத்தில் கிடந்த அந்தத் துணியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். "இதுல கீறாரும்மா. நான்தான் தொடச்சிட்டேன். இவன்மேல தப்பு இல்ல."

துரைசானி துணியை வாங்கிப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்படியே கீழே உட்கார்ந்து சிரித்தாள், கடைசியில் நிஜமாகவே அழுதும் விட்டாள். அக்கா பதறிப்போய் அந்தத் துணியாலேயே அவள் கண்ணைத் துடைக்கப் போக, நான் தடுத்தேன்.

"கவலப்படாதம்மா. இவன் நல்லா எழுதிட்டான். ஒருத்தருக்கும் தெரியாது. பெரிய துரைக்குக் குடுத்துடலாம்" என்றாள் அக்கா.

துரைசானியின் அழுகை நின்றது. "நல்லா எழுதிட்டா குடுத்துடுவாங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நல்லா எழுதாத."

"அம்மா?"

"கெடுத்துடு."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. அப்போதுதான் அந்த வெள்ளை என் கைக்கு வந்திருந்தது. ஒரு நல்ல வேலையைக் கெடுக்கச் சொன்னால் யாருக்குத்தான் வரும்? "கெடுக்க எனக்குத் தெரியாதும்மா. வேணும்னா இன்னும் ரெண்டு பேர எழுதறேன்" என்றேன்.

"எழுது. உங்க ஊர் ஆள எழுது" என்றாள்.

விழுந்தவனை முடித்தேன். அவனுக்குப் பக்கத்தில், கோவணம் கட்டிக்கொண்டு பனிமேல் நின்று வீச்சு வலை வீசுகிற ஒரு ஆளை எழுதினேன். அவனுக்கும் நீல நிழல் வைத்தேன். இந்தப் பக்கம் ஒரு பெண். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துடைப்பத்தோடு குனிந்து, ஏரியைப் பெருக்குகிறாள். அவள் பெருக்கிய இடத்தில் மட்டும் பனி விலகி அடியில் கருநீலமாகத் தண்ணீர் தெரிகிற மாதிரி வைத்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு நீலம் மறுபடி அமையவில்லை.

"இது ஆரு?" என்று கேட்டாள் அக்கா.

"நீதான்."

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இடுப்பு இவ்ளோ பெரிசா?" என்றாள்.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. துரைசானி என் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்கிக்கொண்டாள். துரை உள்ளே வந்தபோது அவள் படத்துக்கு முன்னால் மூக்கில் வெள்ளைச் சாயத்தோடு நின்றாள். நான் துணி மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் மட்டும் நடிப்பு இல்லை.

துரை படத்தைப் பார்த்தார். கிட்டப் போனார், பின்னால் வந்தார். அவருடைய பாஷையில் கத்தினார். துரைசானி அதே பாஷையில் அமைதியாகப் பதில் சொன்னாள். எங்களுக்கு வார்த்தை புரியவில்லையே தவிர விஷயம் புரிந்தது. தானே எழுதியதாகச் சொல்கிறாள். துரை என் விரல்களைப் பார்த்தார். அதில் அவுரியும் சிவப்பும் எப்போதும் இருப்பதுதான். அக்காவைப் பார்த்தார். பிறகு தன் மனைவியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. தொப்பியைத் தூக்கி நாற்காலிமேல் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சில நாள் அவர் பேசவில்லையாம். துரைசானி அதைப் பெரிய நஷ்டமாக நினைக்கவில்லை என்று அக்கா சொன்னாள்.

பெரிய துரைக்கு வெள்ளி விளக்குத் தண்டுகள் போயின. விருந்தன்று அவர் கூடத்தில் அந்தப் படத்தின் முன்னால் நின்று, வலை வீசுகிறவனைக் காட்டி ஏதோ கேட்டிருக்கிறார். எங்கள் துரைக்கு வியர்த்துவிட்டதாம். துரைசானிதான் பதில் சொன்னாள். பெரிய துரை வயிறு குலுங்கச் சிரித்தாராம்.

"இன்னாம்மா சொன்ன?" என்று மறுநாள் அக்கா கேட்டிருக்கிறாள்.

"பழவேற்காட்டுக்காரங்க எங்க போனாலும் வலைய எடுத்துக்கினுதான் போவாங்கன்னு சொன்னேன்."

"தொடப்பம் வச்சினுகீறவளக் கேக்கலியா?"

"கேட்டாரு. அவ சொல்றதத்தான் அந்த ஊரே கேக்கும்னு சொன்னேன்."

இதை எங்கள் தெருவில் அவள் சொல்லாத வீடு இல்லை.

சில வருஷம் கழித்துத் துரைக்கு ஊர் திரும்ப உத்தரவு வந்தது. ஒருநாள் துரைசானியே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டாள். அக்கா வீட்டு வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த உரல்மேல் உட்கார்ந்து, "என்கூட வந்துடு" என்றாள்.

அக்காவின் அண்ணன் குதித்தான். "கடல் தாண்டியா? அங்க உனக்கு ஆரு கீறாங்க?" அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். புருஷன் போனதிலிருந்து அக்கா படகில் கால் வைத்தவள் இல்லை. ஏரியைக் கடக்க வேண்டியிருந்தால்கூடக் கரையோரமாகச் சுற்றித்தான் நடப்பாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்றே நினைத்தேன். சொன்னால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அந்தப் பனி நெஜமாவே வானத்துலேர்ந்துதான் வுழுமா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"வாசல்லயும் வுழுமா?"

"வாசல், படி, தெரு, எல்லாத்துலயும். காலையில எழுந்து பெருக்கித் தள்ளாட்டி கதவே தொறக்காது."

"பெருக்கிட்டா?"

"மறுநாளும் வுழும்."

அக்கா என்னைப் பார்த்தாள். ஆட்டையும் சட்டியையும் எலும்புக்கூட்டையும் ஏன் தேய்த்தாய் என்று கேட்காத, தேய்த்தால் யாரும் சண்டைக்கு வராத ஓர் ஊர். அவள் கண்ணில் அது அப்படியே தெரிந்தது.

"நான் போறேன் தம்பி" என்றாள்.

அவர்கள் கிளம்பிய அன்று கரையில் நல்ல காற்று. கப்பல் முகத்துவாரத்துக்கு வெளியே நின்றது. படம் சாக்கில் சுற்றி முதலிலேயே போய்விட்டிருந்தது. படகில் ஏறும்போது அக்கா விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். துரைசானி மேலே இருந்து கையை நீட்டினாள். என் மனைவி தண்ணீரில் இறங்கி இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டாள். ஏற்றிவிட்டுக் கரைக்கு வந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளை நான் சமாதானப்படுத்தவில்லை. நானும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

படகு நகர்ந்தது. கண்ணிலிருந்து மறைவதற்கு முன்னால் ஒருதரமாவது திரும்பிப் பார்ப்பாள் என்று அண்ணனும் அண்ணியும் நாங்களும் கையைத் தூக்கியபடியே நின்றோம். அவள் திரும்பவில்லை. படகின் அடியில் ஒட்டிக் கிடந்த மீன் செதிலைச் சுட்டிக் காட்டி, படகுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.